பாதையில் வரும் மதிப்பு

'/பில்/42' என்று ஒரு முகவரி வருகிறது. அந்த 42-ஐ எடுத்து ஃபங்ஷனிடம் சேர்ப்பது ஃபிரேம்வொர்க்கின் வேலை. நமக்கு அது ஒரே வரி. பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்க உட்காரும்போது நான் முதலில் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான். முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதை நம் செயலி அங்கேதான் முதலில் கேட்கிறது.

பாதையில் வருவதெல்லாம் வெறும் எழுத்துதான். எக்ஸ்பிரஸ் அதைச் சரமாகவே தருகிறது. எண்ணாக மாற்றுவது நம் பாடு. ஃபிளாஸ்கில் பாதையிலேயே 'இன்ட்' என்று வகையைக் குறித்துவிடலாம். எண் வர வேண்டிய இடத்தில் சொல் வந்தால் ஃபங்ஷனே ஓடாது, 404 போய்விடும். ஜாங்கோவில் இதை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் எழுதி வந்தோம். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் இந்த எளிய முறை கிடைத்தது.

ஆனால் இலக்கமாகத் தெரிவதெல்லாம் எண் அல்ல. '0042' என்ற ரசீதை 'இன்ட்' ஆக்கினால் முன்னுள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும். கூட்டிக் கழிக்கத் தேவைப்படாத இலக்கங்களை நான் சரமாகவே வைத்துக்கொள்கிறேன்.

வரிசையும் முக்கியம். எக்ஸ்பிரஸும் ஜாங்கோவும் மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் பாதையைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் சரத்தையும் ஏற்கும் பாதை மேலே இருந்தால், '/பில்/புதிது' என்று கேட்டவருக்கு 'புதிது' என்ற எண்ணுள்ள பில்லைத் தேடப் போகும். குறிப்பான பாதைகளை மேலே வையுங்கள்.

தமிழ்த் தலைப்புகளை முகவரியில் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். விழுக்காட்டுக் குறிகளோடு 45 எழுத்தாக நீண்டு பயணிக்கும். ஃபிரேம்வொர்க் அதை மீண்டும் தமிழாக்கித் தரும். ஆனால் ஜாங்கோவின் 'ஸ்லக்' வகை ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. தமிழுக்கு 'எஸ்டிஆர்' வகையே பொருந்தும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். 42-ஐ 43 என்று மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்? வகை சரி, பில்லும் இருக்கிறது, அது வேறொருவருடையது. 2021-இல் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிட்ட பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் முதலிடம் இத்தகைய அனுமதிக் குறைபாடுகளுக்குத்தான். வகைச் சோதனை உரிமைச் சோதனை ஆகாது. எனவே, பாதையில் வந்த எண்ணை மட்டும் வைத்துத் தரவுத்தளத்தில் தேடாதீர்கள். கேட்பவர் யார் என்ற நிபந்தனையையும் அதே வினவலில் சேர்த்து எழுதுங்கள்.