கூட்டம் தொடங்குவதற்கு முந்திய பத்து நிமிடம்

எங்கள் வீட்டில் ‘விடுப்பு’ என்றால் அம்மாவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள்தான். வென்ட்வேர்த்வில் கடையில் யார் யாரோடு நின்றார்கள், யாருடைய மகன் மெடிசினை இடையில் விட்டான். படித்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் இதெல்லாம் இருக்காது என்று நம்பித்தான் சிட்னியில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சிரிக்காதீர்கள்.

மேலாளர்களின் கூட்டங்களில் குறிப்பு எடுப்பது என் வேலை. எல்லோரும் வந்து சேரும்வரை பத்து நிமிடம் கதைப்பார்கள். கூட்டம் தொடங்கிய பிறகுதான் நான் தட்டச்சு செய்வேன். அந்தப் பத்து நிமிடம் எந்தக் குறிப்பிலும் இருக்காது.

2025இல் அது இன்னும் நீண்டது. நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. யூடிஎஸ் ஏறத்தாழ 400 பணியிடங்களைக் குறைக்கத் திட்டமிட்டது. ஊழியர்களின் மனநலத்துக்கு ஆபத்து என்று செப்டம்பரில் சேஃப்வொர்க் அமைப்பு அதைத் தற்காலிகமாகத் தடுத்தது. எங்கள் இடத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை, ஊகம் மட்டும்தான்.

ஒரு நாள் ஒரு பெயர் வந்தது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிய ஒப்பந்தத்தில் வகுப்பு எடுக்கும் ஒரு டியூட்டர். “கொஞ்சம் சிக்கலான ஆள்” என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் அவரைச் சந்தித்ததே இல்லை. அந்தச் சிக்கல் என்னவென்று எனக்குத் தெரியும்: விடைத்தாள் திருத்திய கூடுதல் மணித்தியாலங்களுக்குச் சம்பளம் கேட்டிருந்தார். படிவம் என் மேசை வழியாகத்தான் போனது.

அடுத்த செமஸ்டர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ‘மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றம்’ என்று நான்தான் எழுதினேன். கூட்டத்தில் சொன்னது அதுதான்.

அம்மாவின் விடுப்பு ஒரு கலியாணத்தையே குழப்பியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது எப்படியாவது சுற்றி உரியவரின் காதுக்குப் போய்விடும். அவர் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். இங்கே கதை நேராக முடிவாக மாறியது. உரியவருக்குக் கடைசிவரை தெரியாது. நியூ சவுத் வேல்ஸில் 2009ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழக ஆவணங்களைக் கேட்கலாம். அவர் கேட்டால் கிடைக்கப்போவது என் வசனம்தான்.

சாவி அட்டையைத் திருப்பித் தர வந்தபோது, “நான் ஏதும் பிழை செய்தேனா?” என்று என்னிடம் கேட்டார்.

“மாணவர்கள் குறைவு” என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.