16 கேஜ் குழாயில் ஒரு கார்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் முப்பது கிலோமீட்டர் இருக்கும். குறைந்த செலவில், குறைந்த எடையில் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கையாலேயே கட்ட நினைப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் நம்பிக்கை. சாலையின் ஒரு பக்கம் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், மகேந்திரா சிட்டி என்று கார் தொழிலை நம்பி வளர்ந்த ஊர்கள். அவற்றைச் சுற்றி லேத்துகள், வெல்டிங் பட்டறைகள். இன்னொரு பக்கம் கோவளம், பட்டிபுலம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் கரைகளில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள். இரும்புக் குழாயை ஒட்டத் தெரிந்தவர்களும் கண்ணாடி இழையில் ரெசின் பூசி உடல் வார்க்கத் தெரிந்தவர்களும் ஒரே தாலுகா தூரத்தில் இருக்கிறார்கள். பாகங்களாக வைத்துக் கையால் பூட்டும் கிட் காருக்கு வேண்டியவை அடிப்படையில் இந்த இரண்டு கைத்தொழில்கள்தான்.

இந்த வகைக் கார்களுக்கெல்லாம் மூத்தது 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். பிரித்த பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அங்கே அப்போது கொள்முதல் வரி கிடையாது. நடுத்தரச் சம்பளக்காரர்கள் கார் ஷெட்டில் வைத்துப் பூட்டினார்கள். 1973இல் அந்த வடிவத்தின் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளைக் கொண்டு 250 பவுண்டில் அதே மாதிரி ஒரு காரைக் கட்டும் முறையைப் புத்தகமாக எழுதினார். ஓரங்குலச் சதுரக் குழாய், அறுக்க ஒரு ரம்பம், வெல்டிங் மிஷின் இருந்தால் போதும் என்றது அந்தப் புத்தகம். உலகம் முழுக்கப் பலர் அதை நம்பி இறங்கிக் கட்டியும் முடித்தார்கள்.

நம் நாட்டிலும் முயன்றிருக்கிறார்கள். அலிபாக் பக்கம் சின்காரா மோட்டார்ஸ் செவன் வடிவத்தில் ஃபைபர் உடல் கொண்ட ரோட்ஸ்டரைச் செய்தது. அம்பாசடரில் வந்த அதே 1.8 லிட்டர் இசுசு எஞ்சின்தான் அதற்கும். ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் கோயம்புத்தூர் கரிவர்தன். 1980களின் கடைசியில், வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அவைதான் ஃபார்முலா மாருதி. இறக்குமதிக் கார் வாங்கப் பணமில்லாத இளைஞர்கள் அதனால்தான் பந்தயத்துக்குள் வர முடிந்தது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில் ஓட்டிப் பழகியவர்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் செய்த கார்கள் பெருமைக்கு உரியவை என்று நினைக்கிறேன். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத ஒரு குடும்பக் கார் எஞ்சினால் பந்தயம் நடத்தலாம் என்று காட்டினாரே, அந்தத் துணிச்சல் பெரிது.

கணக்கு எளிது. மாருதி 800 சுமார் 650 கிலோ, 37 குதிரைத்திறன். அதே எஞ்சினை 450 கிலோ வண்டியில் வைத்தால், எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தில் அந்த 650 கிலோ வண்டிக்கு 53 குதிரைத்திறன் எஞ்சின் போட்டதற்குச் சமம். எஞ்சினைத் தொடவே வேண்டாம். எடை குறைந்தால் பிரேக்குக்கு வேலை குறையும், வளைவில் டயருக்குச் சுமை குறையும், ஸ்பிரிங் மெலிதாகும், அதைத் தாங்கும் பிராக்கெட்டும் மெலிதாகும். காசு குறைவாக வைத்திருப்பவர் வாங்கக்கூடிய ஒரே வேகம் இதுதான்.

எந்த வண்டியின் உறுப்புகளை எடுப்பது என்பதில் நானும் நண்பரும் நெடுநாள் பேசினோம். ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சின் 80 குதிரைத்திறன் தரும், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மலையேறப் போகிறவர்கள் அதன் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள், கியர் அமைப்பும் கனம். 800இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கட்டாகத் தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கலாம். பந்தயத்துக்கு அது நல்ல வழி, கியர் ராடைப் பின்னால் கொண்டுபோவதுதான் தலைவலி. கடைசியில் ஆம்னி. 800இல் குறுக்காகக் கிடக்கும் அதே 796 சிசி எஞ்சின் ஆம்னியில் நீளவாக்கில் உட்கார்ந்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. செவன் அமைப்புக்கு அதுதான் வேண்டும். 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி என்பதால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உறுப்புக் கடைகளில் பஞ்சமில்லை. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டுக் காயில் ஸ்பிரிங் வைக்க வேண்டும்.

இனி சொல்லப் போவதுதான் நான் கற்றதில் பெரிய பங்கு. இந்தப் பக்கத்தில் கை தேர்ந்தவர் ஒவ்வொருவரும் கனமாகத்தான் செய்வார். அவரவருக்கு அதற்கு நியாயம் உண்டு.

வெல்டர் அண்ணன் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். 16 கேஜ் ஸ்கொயர் பைப் என்றதும் முகம் சுளித்தார். "14 போடுங்க சார், ஆயுசுக்கும் நிக்கும்." கேட்டுக்கு அது சரி. ஆனால் 25 மி.மீ. சதுரக் குழாய் 16 கேஜில் மீட்டருக்கு 1.2 கிலோவுக்குள் அடங்கும், 14 கேஜில் 1.4 கிலோவைத் தாண்டும். சட்டத்துக்கு 55 மீட்டர் குழாய் பிடித்தால் வித்தியாசம் 14, 15 கிலோ. குழாயைத் தடிப்பாக்குவதைவிட, ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே ஒரு குழாய் கொடுத்து முக்கோணமாக்கினால் சட்டம் முறுக்காது. வெறும் சதுரக் கூட்டைக் கையில் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னோம், வளைந்து கொடுத்தது. குறுக்குக் குழாயைப் புள்ளி வெல்டால் (டாக்) ஒட்டித் திரும்பக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அண்ணன் கேஜ் பற்றிப் பேசவே இல்லை. எல்லா மூட்டுகளிலும் முதலில் டாக் மட்டும் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து சரிபார்த்த பின்பே முழு வெல்டிங் என்பது அவர் சொன்ன ஒழுங்கு. சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

படகு கட்டும் பெரியவரிடம் இது இன்னும் கடினம். மூக்குக் கூடும் மட்கார்டுகளும் அவரிடம் வார்க்கத் தீர்மானித்தோம். அச்சில் வாக்ஸ் தேய்த்து, ஜெல்கோட் அடித்து, அது பிசுபிசுப்பாகும் பக்குவத்தில் 450 கிராம் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினைப் பூசி, உருளையால் காற்றுக் குமிழை ஓட்டுகிறார். சித்திரை வெயிலில் ரெசின் சீக்கிரம் கெட்டிப்படும் என்று விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குகிறார். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேராக ஒன்றில் ஒன்று கலக்க விடமாட்டார். வெடித்துவிடும், முதலில் ஒன்றை ரெசினில் கரைத்த பிறகே மற்றது. பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடியது. ஆனால் மேட் இரண்டு போதும் என்றதும் நிறுத்திவிட்டார்.

"தம்பி, ரெண்டு மேட்டு போட்டா அலை ஒரே அடியில பொளந்துடும்."

"இது தண்ணியில போகாதுண்ணே, ரோட்டுல போறது."

"ரோட்டுல கல்லு தெறிக்காதா?"

நியாயமான கேள்வி. கரையேறும்போது அலை தூக்கிப் போடும் படகைக் கட்டுகிறவருக்கு மெல்லிசு என்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அவருடைய தடிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். காரில் உடல் சுமை தாங்குவதில்லை, இரும்புச் சட்டம் தாங்குகிறது என்பதைச் சட்டத்தையே கொண்டுபோய்க் காட்டித்தான் விளக்க முடிந்தது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: பரப்பு முழுக்க இரண்டு, விளிம்பிலும் போல்ட் வரும் இடத்திலும் நான்கு, கல் தெறிக்கும் மட்கார்டின் உள்வளைவில் மூன்று. நான் தாளில் போட்டிருந்த திட்டத்தைவிட அது மேல்.

எடை பார்க்கவே கூடாத இடங்கள் உண்டு. தலைக்குப் பின்னால் வரும் வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் பைப்தான். பிரேக் பைப், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், சீட் பெல்ட், ஸ்டீயரிங் மூட்டு எல்லாம் புதிது. பழைய கடையில் மிச்சப்படுத்திய காசு முழுதும் இங்கே போய்விடும், போகட்டும். இன்னொரு செலவு கடற்காற்றுக்கு. 1.6 மி.மீ. தடிப்பே உள்ள 16 கேஜ் குழாயை உப்பு உள்ளிருந்து அரித்தால் வெளியே தெரியாது. திறந்த முனைகளையெல்லாம் தகடு வைத்து ஒட்டி மூடி, மேலே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். உறுப்புகள் தொங்கவிடக் குழாயில் போட்ட ஒவ்வொரு துளையும் உப்புக்கு வாசல், ஆகவே ரிவெட் அடித்ததும் சீலன்ட்.

எடையை அளக்கப் பாத்ரூம் தராசு நான்கு போதும். 450 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்குச் சராசரி 113 கிலோதான். ஓட்டுநரையும் உட்கார வைத்துவிட்டு, மூலைவிட்டச் சக்கரங்களின் கூட்டல்கள் இரண்டும் ஒத்துவரும்வரை ஸ்பிரிங் நட்டைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலை எனக்குத் தனி மகிழ்ச்சி. நாம் செய்த வண்டி முதல் முறையாகத் தன்னைப் பற்றி உண்மை சொல்லும் நேரம் அது.

இந்தக் காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட முடியாது. இறங்கும் முன்பே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி ஒவ்வொரு வகை வண்டியின் முன்மாதிரியும் சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஆலைகளை எண்ணி எழுதிய விதி அது. ஆம்னியின் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு வண்டியை ஓட்டுவது குற்றம், காப்பீடும் கைவிடும். ஆகவே இது அனுமதி பெற்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டுவதற்கான கார், அவ்வளவுதான். டிரெய்லரில் ஏற்றிப் போக வேண்டும்.

இதை மாற்றலாம் என்று உறுதியாக நினைக்கிறேன். பிரிட்டனில் ஒற்றை வண்டிகளைத் தனியாகச் சோதித்துப் பதியும் முறை 1998இல் வந்தது, 2009இல் இன்னும் கடுமையாக்கினார்கள். பிரேக், விளக்கு, கூர்முனை, புகை, இருக்கை நங்கூரம் எல்லாம் பார்க்கிறார்கள். தேறினால் சாலைக்கு வரும், இல்லையென்றால் ஷெட்டுக்குத் திரும்பும். அப்படிச் சோதிக்க இங்கேயும் அடித்தளம் இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் கேம்பர் ரேசிங் போன்ற குழுக்கள் ஃபார்முலா பாணிக் கார்களைக் கட்டுகின்றன. கோயம்புத்தூரில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், தடத்தில் இறங்குமுன் ஒவ்வொரு காரையும் சாய்த்துப் பார்த்து, நான்கு சக்கரமும் பூட்டுமாறு பிரேக் அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அந்தச் சோதனைத் தாளே பாதி விதிமுறை. ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. வாகன ஆராய்ச்சி மையத்தில் கருவிகளும் இருக்கின்றன. ஒற்றை வண்டிகளுக்கு மாதத்தில் ஒரு நாள், கட்டணத்தோடு, ஒரு சோதனை வரிசை ஒதுக்கினால் நானே சட்டத்தின் வரைபடம், குழாய் வாங்கிய ரசீது, ஒவ்வொரு மூட்டின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பேன். வெல்டர் அண்ணனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.