அந்த மொட்டை



நேற்று நம் மலையில் என் தங்கை பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்தினோம். அதையொட்டி ஒரு விஷயம். குழந்தையின் அம்மா சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலியில்லை, கரையவும் இல்லை. சோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. ஏற்றிய மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. கழுத்துக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். குணமானாள். முடிதான் முழுதும் கொட்டிவிட்டது. கேட்டவர்களிடம், "வேண்டுதல், முருகனுக்கு மொட்டை" என்று சொன்னது நான்தான். திருத்தணியில் யார் சந்தேகப்படுவார்கள்?

கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையிடம் மட்டும் அவளே உண்மையைச் சொன்னாள். மாமியாருக்குத் தெரியாது. சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாவது போகட்டும், நோய் திரும்பினால் பெரும்பாலும் அதற்குள்தான் திரும்பும் என்று டாக்டர் சொன்னபடி காத்திருந்தே கருத்தரித்தாள்.

முதல் செக்கப்பில் நர்ஸ், "முன்னாடி பெரிய நோய் ஏதாவது?" என்று கேட்டிருக்கிறார். மாமியார் பக்கத்தில் இருந்ததால் "இல்லை" என்று சொல்லிவிட்டாள். ராத்திரி போன் வந்தது.

"பெரியம்மா, நீங்க சொன்ன பொய்யையே நானும் சொல்லிட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?"

32 வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று போதித்தவள் நான். "நாளைக்கே போய்ச் சொல்லிடலாம் கண்ணு, நானும் வர்றேன்" என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "அந்த மருந்துகளில் ஒன்று இதயத் தசையைப் பலவீனமாக்கலாம், கர்ப்பத்தில் ரத்தம் கூடி இதயத்துக்கு வேலை அதிகம்" என்று எக்கோ எடுக்கச் சொன்னார். அது நன்றாக இருந்தது. கழுத்தில் கதிர்வீச்சு என்றதும் தைராய்டு பார்த்தார். குறைவு! ஆரம்ப மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்புதான் ஆதாரமாம். அன்றே மாத்திரை தொடங்கியது. "குணமான தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை மற்றவர்களைவிட அதிகம் வருவதில்லை, பயப்படாதே" என்றும் சொன்னார்.

மாமியாரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸில் வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது, "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் பதமா பாத்திருப்பேனே டீச்சர்" என்றார். தலை குனிந்தேன்.

மாதம் நிறைந்து 2.8 கிலோவில் பெண் குழந்தை. நேற்று மொட்டைத் தலையில் சந்தனம் பூசி என் மடியில் போட்டார்கள். இந்த மொட்டை நிஜ வேண்டுதல்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண் இருந்தால், முதல் செக்கப்புக்கே பழைய ஃபைலை எடுத்துப் போகச் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய வெட்கம் அதில் எதுவுமில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்