தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு

ஏப்ரல் 14 வந்தால் எங்களுக்கு உட்கார நேரமிருக்காது. நீலக்கொடி கட்டுவது, சிலைக்கு மாலை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் பொதுக்கூட்டம். அப்படி ஒரு காலையில் மாலைப் பையோடு தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, இன்னிக்கு நம்ம ஏரியா சபைன்னாங்களே, நீங்க யாரும் வரலையா?"

எனக்குத் தெரியவே தெரியாது. அம்பேத்கரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். என் வார்டில் அவர் பிறந்தநாளன்று மக்கள் சபை நடப்பது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மகத் போராட்டம் நமக்கு மனப்பாடம். அதன் பின்னால் ஒரு நகராட்சி இருந்ததை மறந்துவிடுகிறோம். சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக மகத் நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டது. மூன்று வருடம் அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் மக்களோடு போய்க் குளத்து நீரைக் குடித்தார். அதே வருடம் ஆகஸ்டில் நகராட்சி கூடி அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு 1937-ல்தான் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. தீர்மானம் போட்டவர்களும் ரத்து செய்தவர்களும் அதே மன்றம்தான். நாம் கவனிக்காத மன்றம் எதை வேண்டுமானாலும் செய்யும்.

நம் ஊருக்கு வருவோம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். முதல் தேர்தலிலேயே மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வசந்தகுமாரி கமலக்கண்ணன் மேயரானார். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் தந்த இடஒதுக்கீடு இது. அந்தத் திருத்தம் நாற்காலியோடு நிற்கவில்லை. வார்டு குழு என்பதும் அதில்தான் வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த நவம்பர் 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்ட ஏரியா சபை நம் பம்மலில் நடந்ததுதான். சபை கூட அரசு குறித்த நாட்களில் ஏப்ரல் 14 உண்டு, மனித உரிமை நாளான டிசம்பர் 10-ம் உண்டு.

குடிநீர், கால்வாய், குடிசைப் பகுதி மேம்பாடு, சுடுகாடு, துப்புரவு. மன்றத்தின் மேசைக்கு வரும் விஷயங்கள் இவை. யார் வாழ்க்கை இது? தூய்மைப் பணியைக் காண்ட்ராக்டுக்கு விடுவது ஒரு அஜெண்டா பொருள்தான். அது ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிட்டால், நம் அம்மாக்களின் சம்பளம் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

அதனால் தோழர்களே, எங்கள் குழுவில் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மாமன்றக் கூட்டத் தேதியைக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்கிறோம். அஜெண்டாவை வாங்கி நம் தெருவைத் தொடும் பொருள்களைக் குறிக்கிறோம். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணை எழுதி வைக்கிறோம். எண் இருந்தால்தான் பிறகு கேள்வி கேட்க முடியும். தகவல் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. "ஏன் கால்வாய் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்த எண் தீர்மானத்துக்குப் பணி ஆணை எந்தத் தேதியில் தரப்பட்டது, எவ்வளவு செலவானது, நகல் தருக" என்று கேளுங்கள்.

ஏரியா சபைக்குப் போனால் பின்னால் நிற்காதீர்கள். முன்வரிசையில் உட்காருங்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, அது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அக்காக்களைப் பேசவிடுங்கள். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போதெல்லாம் ஏப்ரல் 14 அன்று காலை ஆறு மணிக்கே சிலைக்கு மாலை போட்டுவிடுகிறோம். அப்புறம் நேராகச் சபைக்கு.

ஜெய்பீம்.