பெருவிரலும் பருப்பு ரசமும்

நமது தமையனார் வீட்டிலிருந்து துவரம் பருப்பு நாடு கடத்தப்பட்டு 11 வருஷம் ஆயிற்று. அந்த அநியாயத் தீர்ப்புக்கு நாமும் உடந்தை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு நாள் நள்ளிரவில் தமையனாரின் வலது கால் பெருவிரல் தக்காளிப் பழம் போல் சிவந்து வீங்கியது. வேஷ்டி நுனி பட்டாலும் அலறினார். ரத்தத்தைச் சோதித்ததில், 100 மில்லி லிட்டருக்கு யூரிக் ஆஸிட் 9 மில்லி கிராம் இருந்தது. 6.8-க்கு மேற்பட்டால் அது ஊசி ஊசியாக உறைந்து மூட்டுகளில் தங்கக்கூடும். வைத்தியர் தினம் ஒரு மாத்திரை சாப்பிடச் சொன்னார். சிநேகிதர் ஒருவரோ, "பருப்புதான் சத்துரு, வாயைக் கட்டினால் போதும்" என்றார். நாமும் தலையை ஆட்டினோம். மாத்திரை அலமாரிக்குள் போயிற்று, சாம்பார் அஸ்தமித்தது. கீரையும் பட்டாணியும் அதைத் தொடர்ந்தன.

பிற்பாடுதான் விஷயத்தைப் படித்தோம். அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் கவனித்து, 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மாமிசமும் மீனும் மிகுதியாக உண்டவர்களை இந்நோய் அதிகம் பீடித்தது. ஆனால் பருப்பு, கீரை வகைகளால் அது அதிகரிக்கவில்லை! பால் பதார்த்தங்கள் நன்மையே செய்தன. ஈரல், மத்தி, நெத்திலி, பீர் இவற்றைத்தான் அஞ்ச வேண்டும். சர்க்கரைப் பானங்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே; அவற்றிலுள்ள பழச் சர்க்கரை ஈரலில் சிதையும்போதே யூரிக் ஆஸிட் பெருகுகிறது. நம் தமையனாரோ, பருப்பை இழந்த துக்கத்தை ஆற்றிக்கொள்ளத் தினம் இரண்டு புட்டி இனிப்புப் பழரசம் அருந்தி வந்தார்!

இன்னொன்றும் அறிந்தோம். இந்த ஆஸிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உணவினால் வருவதன்று. நமது தேகத்தின் அணுக்களே சிதைந்து உண்டாக்குவது. பெரும்பாலான மிருகங்களுக்கு அதைக் கரைத்துவிடும் நொதி உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் அதை இழந்துவிட்டோம். ஆகவே, எவ்வளவு கடும் பத்தியமும் சுமார் 1 மில்லி கிராம்தான் குறைக்கும். 9 எப்படி 6-க்குக் கீழே இறங்கும்?

இதற்குள் தமையனாரின் முழங்கையில் சுண்டைக்காய் அளவில் கட்டிகள் எழும்பிவிட்டன. உள்ளே சுண்ணாம்பு போன்ற வெண்மை. ஒரு விரல் மடங்குவதில்லை. அமெரிக்க சுதந்திர வீரர் பெஞ்சமின் பிராங்ளின் 1780-ல், பாரிஸ் அருகே இந்நோயால் படுத்திருந்தபோது, தமக்கும் நோய்க்கும் நடந்த சம்வாதமாக ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதினார். அல்லோபியூரினால் மாத்திரை வழக்கத்துக்கு வந்ததோ 1960-களில்தான். பாவம், அவர் வேறென்ன செய்வார்? நம் வீட்டில் மாத்திரை அலமாரியிலேயே இருந்தது.

தமையனாரிடம் நமது தவறைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. அதுதான் நமக்கு அதிக வேதனையாயிருந்தது. வைத்தியர் மிகச் சிறிய அளவிலிருந்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். இப்போது 5.6-க்கு இறங்கியிருக்கிறது. சென்ற வாரம் மன்னி பருப்பு ரசம் வைத்தாள். தமையனார் முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, வெகு நேரம் தம் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.