வாயிற்கல்லில் ஐந்து பெயர்கள்

தலைநகர்வாழ் தமிழர்க்குக் காஷ்மீரி கேட் என்றதும் வெளியூர்ப் பேருந்து நிலையமே நினைவில் எழும். அந்த வட்டாரத்திற்குப் பெயர் தந்த பழைய நகர்வாயில், நிலையத்திற்குத் தெற்கே, பீரங்கிக் குண்டுகளின் தழும்புகளோடு இன்றும் நிற்கிறது. விடுமுறை நாளொன்றில் அங்குச் சென்று, 1876-இல் மக்டாலா நேப்பியர் பிரபு பதிப்பித்த நினைவுக்கல்லை நின்று படித்தேன்.

அக்கல் புகழ்வது லெப்டினன்ட் டங்கன் ஹோம் தலைமையில் சென்ற சிறு குழுவை. வங்காளப் பொறியியற் படையைச் சேர்ந்த ஹோம், ஜபல்பூரில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 29. 1857 செப்டம்பர் 14 அன்று, கதிரவன் எழுந்த பின்னர், மதில்மேலிருந்து பாய்ந்த தோட்டாக்களினிடையே வெடிமருந்து மூட்டைகளைச் சுமந்து சென்று அக்குழுவினர் கதவோரம் வைத்தனர். திரியைக் கொளுத்த முனைந்த லெப்டினன்ட் பிலிப் சால்கெல்ட் சுடப்பட்டு வீழ்ந்தார். பிறர் அப்பணியை முடித்தனர், கதவு பிளந்தது.

ஹோம் அன்று உயிர் தப்பினார். ஆயினும் அக்டோபர் 1-ஆம் நாள், மாலாகர் கோட்டையைத் தகர்க்கும் வேலையில், வெடிமருந்தே அவர் உயிரைக் குடித்தது. பத்தே நாளில் சால்கெல்டும் காயத்தால் மாண்டார். இவ்விருவருக்கும் சார்ஜென்ட் ஜான் ஸ்மித், கொம்பூதி ராபர்ட் ஹாத்தார்ன் ஆகியோருக்கும் 1856-இல் நிறுவப்பெற்ற விக்டோரியா சிலுவை உரித்தாயிற்று.

ஆங்கிலேயர் பெயர்களோடு துலாராம், பிஸ்ராம், மாதோ, திலக் சிங், ராம் ஹேத் என்ற ஐந்து இந்தியப் பெயர்களையும் அக்கல்லில் கண்டேன். ஒரே தோட்டா மழையில் ஒரே கதவை நோக்கி நடந்தவர்கள் இவர்கள். ஆனால் அச்சிலுவை இந்தியச் சிப்பாய்களுக்கு உரியதன்று. அவர்களுக்கென 1837 முதல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்னும் விருது தனியே இருந்தது. கல்லில் ஒன்றாய் நின்றவர்கள், மார்பில் அணியும் பதக்கத்தில் வேறாயினர்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. கதவின் மறுபுறம் நின்று சுட்டவர்களும் இந்தியச் சிப்பாய்களே. அவ்வாயில் வழியே புகுந்த படை நகரில் நிகழ்த்திய கொலையையும் கொள்ளையையும் தில்லி எளிதில் மறக்கவில்லை. ஹோமின் துணிவை மறுக்க எனக்கு மனமில்லை. அத்துணிவு திறந்துவிட்ட வழியை வாழ்த்தவும் மனமில்லை. மதிலுக்குள் மடிந்தவர்க்கோ அக்கல்லில் இடமில்லை.

இந்தியரும் விக்டோரியா சிலுவை பெறலாம் என்ற அறிவிப்பு 1911 டிசம்பரில், இதே தில்லியில் கூடிய தர்பாரில் வெளியாயிற்று. வாயில் பிளந்து அப்போது 54 ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் 1941-இல் அபிசீனியாவில் நான்கு நாட்கள் ஓய்வின்றிக் கண்ணிவெடிகளை அகற்றிய பொறியியற் படை அதிகாரி பிரேமீந்திர சிங் பகத் அச்சிலுவையைப் பெற்றார். மாதோவின் வழிவந்த தொழில்தான் அது. மாதோவுக்குத்தான் காலம் வாய்க்கவில்லை.

பதக்கம் வீரத்தைப் படைப்பதில்லை; யாருடைய வீரத்தை ஓர் அரசு காண விரும்பிற்று என்பதையே அது காட்டுகிறது. காஷ்மீரி கேட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் அன்பர்கள் சில நிமிடம் தெற்கே நடந்து, அந்த ஐந்து பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.