மாமாவும் ஒரு சாண் விமானமும்

இந்தக் கொசுவத்தி என்னோடது இல்ல மக்களே, எங்க மாமாவோடது. நான் சும்மா சுத்தி விடறேன், அவ்ளோதான்.

மாமாவுக்கு இப்ப 65 வயசு. 1971 போர் நடந்தப்ப சின்னப் பையன். அந்த டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீநகர்ல நிர்மல்ஜித் சிங் செகோன்ங்கிற பைலட், ஒரு குட்டி நாட் விமானத்தை வெச்சுகிட்டு ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களோட மோதி உயிரை விட்டார். நம்ம விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்கினது அவர் ஒருத்தர்தான். அன்னியிலேர்ந்து மாமாவுக்கு நாட் பைத்தியம்.

அடுத்த வருஷம் சிங்கப்பூர்லேர்ந்து வந்த பெரியப்பா அவருக்கு ஒரு ஏர்ஃபிக்ஸ் கிட் கொண்டாந்தார். பிளாஸ்டிக் கவர், மேல படம் போட்ட அட்டையை மடிச்சு பின் அடிச்சிருக்கும். பிரிட்டன்ல 1952லயே வுல்வொர்த் கடைகள்ல இப்படிக் கவர்ல போட்டு ரெண்டு ஷில்லிங்குக்கு ஒரு கப்பல் மாடலை வித்த கம்பெனி அது. விமானம் 1/72 அளவு. அதாவது நிஜத்துல ஆறடின்னா மாடல்ல ஒரு அங்குலம். கட்டி முடிச்சா நாட் ஒரு சாண் கூட வராது.

இதுல ஒரு கூத்து. கிட்ல இருந்தது ரெண்டு சீட்டு பயிற்சி விமானம். செகோன் ஓட்டினதோ ஒத்தை சீட்டு. மாமா அசருவாரா? பின்சீட்டுப் பொம்மையைத் தூக்கிக் கடாசிட்டு, இதான் செகோன் விமானம்னு சாதிச்சுட்டாராம் :)

ஆனா அவர் இப்பவும் ஆசையா பேசறது அந்த விமானத்தைப் பத்தி இல்ல, கூட வந்த செய்முறைத் தாளைப் பத்தி. அந்தக் காலத்துத் தாள்ல படத்தோட, எதை எதுல ஒட்டணும்னு இங்கிலீஷ்ல வாக்கியம் வாக்கியமா எழுதியிருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் பேர் சொல்லி. தமிழ் மீடியம் பையன், டிக்‌ஷனரியை மடியில வெச்சுகிட்டு ஃப்யூஸலாஜ், டெயில்ப்ளேன், அண்டர்கேரேஜ்னு ஒண்ணொண்ணா கத்துகிட்டார். பிறகு ஐடிஐ படிச்சு ஃபிட்டர் ஆனார். அந்த விமானம் எப்ப உடைஞ்சுது, எங்க போச்சுன்னு வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல.

போன மாசம் ஒரு புது நாட் கிட் வாங்கிட்டுப் போனேன். பழசுல ரிவெட்டெல்லாம் புள்ளி புள்ளியா புடைச்சுகிட்டு நிக்குமாம். இதுல மயிரிழை மாதிரி கோடு, சேர்த்து வெச்சா இடுக்கு தெரியல. மாமா தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்ன மாப்ள, எழுத்தே காணோம்?"

வெறும் படமும் நம்பரும்தான். எந்த ஊர்க்காரனும் பாஷை தெரியாமலே கட்டிடலாம். நியாயம்தான். ஆனா மாமா முகம் வாடிப்போச்சு.

அவருக்கு ரெண்டு வருஷமா கை நடுக்கம். இந்தப் பசை வெறுமே ஒட்டறது இல்ல, பிளாஸ்டிக்கையே கரைச்சு ஒண்ணாக்கிடும். தப்பான இடத்துல பட்டா போச்சு. அதனால கை என்னோடது, வாய் அவரோடது. நான் "பதினேழு"ன்னா, "அது நோஸ்வீல் கதவுடா, மெல்ல"ம்பார். அம்பது வருஷம் கழிச்சும் ஒரு பேர்ல தடுமாறல. நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சுட்டுப் பொட்டி தட்டற எனக்கு அதுல பாதி தெரியாது.

இன்னும் டீக்கல் ஒட்டறதுதான் பாக்கி. தண்ணியில ஊறவெச்சு, காகிதத்துலேர்ந்து நழுவவிட்டு ஒட்டணும். ஈரம் காயற வரைக்கும் விரலால நகர்த்திக்கலாம், கை நடுங்கினாலும் பரவாயில்ல. அதை மாமாவுக்குன்னே விட்டு வெச்சிருக்கேன். வர்ற சனிக்கிழமை போகணும்.